ஓட்டை ஒன்று, கேபிள் ஏழு

கேள்வி: “ஐரோப்பாவில் ‘எல்லாவற்றுக்கும் ஒரே சார்ஜர்’ சட்டம் வந்தாச்சு, ஐபோனே டைப்-சிக்கு மாறியாச்சு என்றெல்லாம் செய்தி வந்தது. என் டிராயரில் ஏழு டைப்-சி கேபிள் கிடக்கிறது. ஒன்றில் போன் பறக்கிறது, ஒன்றில் ஊர்கிறது, ஒன்றில் மானிட்டர் வரவே மாட்டேன் என்கிறது. டிரிம்மர் மட்டும் பழைய செவ்வக முனைக் கேபிளில்தான் சார்ஜ் ஆவேன் என்று அடம்பிடிக்கிறது. முனை எல்லாம் ஒன்றுதானே, தப்பு எங்கே?”

பதில்:

செய்தி பொய்யில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022/2380 எண் உத்தரவு 2024 டிசம்பர் 28 முதல் போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன், கையடக்க கேம் கருவி, கீபோர்ட், மவுஸ் என்று ஒரு நீளப் பட்டியலுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. லேப்டாப்புக்குத் தேதி 2026 ஏப்ரல் 28. ஆப்பிள் 2012 முதல் பொத்திப் பொத்திக் காத்த லைட்னிங்கை 2023 செப்டம்பரில் ஐபோன் 15-இல் விட்டது. எல்லாம் நடந்தது. ஆனால் கேபிளைப் பொறுத்தவரை ஒன்றாகியது முனையின் வடிவம் மட்டும்தான். கேபிள் டைப்-சி விதிமுறைப்படி இருந்தால் போதும். வேடிக்கை என்னவென்றால், அந்த விதிமுறைக்கு உட்பட்டே அரை டஜன் வகைக் கேபிள் செய்யலாம். முன்பெல்லாம் முனை பொருந்தாவிட்டால் ‘இது இதுக்கு இல்லை’ என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். இப்போது எல்லாம் பொருந்தும், ஆனால் எல்லாம் வேலை செய்யாது.

முதலில் டேட்டா, மானிட்டர் பிரச்சினை. அது சுலபம்.

கருவியில் இருக்கும் டைப்-சி ஓட்டைக்குள் நடுவே ஒரு மெல்லிய நாக்கு இருக்கும். அதன் மேலே 12, கீழே 12 என மொத்தம் 24 தொடுபுள்ளிகள். நான்கு கிரவுண்ட், நான்கு பவர், இரண்டு ‘சிசி’ எனப்படும் பேச்சுவார்த்தைக் கம்பிகள், பழைய யுஎஸ்பி 2.0-வுக்கு நான்கு, துணைச் சிக்னலுக்கு இரண்டு, மிச்சம் எட்டும் அதிவேக டேட்டாவுக்கு. மானிட்டருக்குப் படம் போவதும் இந்த எட்டில்தான். இனி கேபிளுக்கு வாருங்கள். வெறும் சார்ஜும் யுஎஸ்பி 2.0-வும் போதும் என்றால் அந்த எட்டையும் தயாரிப்பாளர் வைக்கவே தேவையில்லை. விதிமுறையும் தடுக்கவில்லை, செலவும் மிச்சம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கம்பியே இல்லாத கேபிளில் மானிட்டரை எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் கருப்புதான்.

டார்ச் ஒன்றை எடுத்துக் கேபிள் முனைக்குள் அடித்துப் பாருங்கள். முழு வசதி கொண்ட கேபிளில் மேல் வரிசையும் கீழ் வரிசையும் பல் வைத்த சீப்பு மாதிரி நெருக்கமாக இருக்கும்: மொத்தம் 22 (ஒரு வரிசையின் நடுவே இரண்டு மட்டும் தேவைப்படாததால் இருக்காது). சார்ஜிங் கேபிளில் நடுநடுவே பல் விழுந்திருக்கும், பத்துப் பன்னிரண்டுதான் தேறும். ஒரு எச்சரிக்கை: சிலர் முனையில் எல்லாப் பல்லையும் வைத்துவிட்டு உள்ளே கம்பி இழுக்காமல் விடுவார்கள். ஆகவே பாதிப் பல் விழுந்திருந்தால் அது பெரும்பாலும் 2.0. பல் முழுசாக இருந்தால் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கலாம், அவ்வளவே.

கேபிள் தடிமனாக, துணி பின்னி, பார்க்க ராஜகளையாக இருந்தால் நல்லது என்று நம்புவதுதான் பலரும் விழும் குழி. ஆப்பிள் விற்கும் 2 மீட்டர், 240 வாட் டைப்-சி சார்ஜ் கேபிள் இருக்கிறதே, அதன் டேட்டா வேகம் யுஎஸ்பி 2.0. அதாவது 480 எம்பிபிஎஸ், நொடிக்கு 480 மெகாபிட். அந்த வேகம் 2000 ஏப்ரலில் வந்தது! ஐபோன் 15 ப்ரோவில் 10 ஜிபிபிஎஸ் போர்ட் என்று மேடையில் கைதட்டு வாங்கினார்கள். பெட்டிக்குள் வைத்த கேபிள் யுஎஸ்பி 2.0. ப்ரோ இல்லாத ஐபோன் 15-இல் போர்ட்டின் டேட்டாவே யுஎஸ்பி 2.0. ஆனால் அதே போர்ட்டில் மானிட்டருக்குப் படம் மட்டும் போகும், பெட்டியில் வந்த கேபிளைத் தவிர வேறு சரியான கேபிள் இருந்தால். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுக் குழப்பவில்லை, தானாகவே இப்படி அமைந்தது என்று நம்புவது மனநிம்மதிக்கு நல்லது.

இந்த வித்தியாசம் கையில் எப்படித் தெரியும் என்றால், 480 எம்பிபிஎஸ்ஸை எட்டால் வகுத்தால் (எட்டு பிட் ஒரு பைட்) நொடிக்கு 60 எம்பி. அதிலும் நடைமுறையில் 35 முதல் 40 எம்பிதான் கிடைக்கும். 100 ஜிபி வீடியோவை மாற்ற முக்கால் மணி நேரம். 10 ஜிபிபிஎஸ் கேபிளும் அதற்கேற்ற வேகமான எஸ்எஸ்டியும் இருந்தால் அதே வேலை சில நிமிடம்.

மானிட்டர் விஷயத்தில் கேபிளை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. லேப்டாப்பில் இரண்டு டைப்-சி ஓட்டை இருந்தால் ஒன்றில் மட்டும் படம் வருவது சகஜம். பக்கத்தில் ‘டி’ வடிவக் குறியோ மின்னல் குறியோ பொறித்திருந்தால் அதில் படம் வரும். எதுவும் இல்லையென்றால் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற சொல்லைத் தேடுங்கள்.

இப்போது சார்ஜிங். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

பழைய செவ்வக முனை, அதாவது டைப்-ஏ, வெள்ளந்தி. யார் செருகுகிறார்கள் என்று கேட்காமலே 5 வோல்ட்டை எப்போதும் வாசலில் வைத்திருக்கும். டைப்-சி அப்படி இல்லை. சார்ஜரில் கேபிள் செருகியிருந்தாலும், மறுமுனையில் ஆள் வரும்வரை பவர் கம்பியில் மின்சாரமே இருக்காது. மறுமுனையில் இருக்கும் கருவி, தன் இரண்டு சிசி பின்களில் ஒவ்வொன்றுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்திருக்க வேண்டும். சார்ஜர் அதைப் பார்த்துத்தான் ‘சரி, மின்சாரம் வாங்க வந்த ஆள்’ என்று கதவைத் திறக்கும்.

உங்கள் டிரிம்மரின் அடம் இதனால்தான். முனையை டைப்-சி ஆக்கிவிட்டு உள்ளே அந்த ரெசிஸ்டரை வைக்க மறந்துவிட்டார்கள். அல்லது மறக்கவில்லை, மிச்சம் பிடித்தார்கள். பட்டாணியைவிடச் சின்ன, விலையே இல்லாத இரண்டு பாகத்தை! இருபக்கமும் டைப்-சி கேபிளில் மாட்டினால் சார்ஜருக்கு அங்கே யாரும் இருப்பதாகவே தெரியாது. ஏ-டு-சி கேபிளில் 5 வோல்ட் கேட்காமலே வருவதால் சார்ஜ் ஆகும். மலிவான டார்ச், புளூடூத் ஸ்பீக்கர், மின்விசிறி எல்லாவற்றிலும் இந்த நோய் உண்டு. மருந்து ஒன்றுதான்: ஒரு ஏ-டு-சி கேபிளைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பலகையில் இரண்டு சிசி பின்னுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வைப்பதற்குப் பதில், இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே ரெசிஸ்டர் போட்டுவிட்டார்கள். சாதாரணக் கேபிளில் ஓடியது. உள்ளே சிப் வைத்த உயர்தரக் கேபிளில் மாட்டியதும், சார்ஜர் அதை ஒரு ஆடியோ அடாப்டர் என்று நினைத்து மின்சாரமே தரவில்லை. மட்டமான கேபிள் பாஸ், நல்ல கேபிள் ஃபெயில். பிறகு வந்த பலகைகளில் சரிசெய்தார்கள்.

ரெசிஸ்டர் சோதனை முடிந்தால் அதிகபட்சம் 5 வோல்ட், 3 ஆம்பியர்: 15 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் ‘பவர் டெலிவரி’, சுருக்கமாக பிடி. சார்ஜர் சிசி கம்பி வழியாகத் தன்னிடம் இருப்பதைப் பட்டியல் போடும்: 5, 9, 15, 20 வோல்ட், ஒவ்வொன்றிலும் இத்தனை ஆம்பியர் என்று. போன் அதில் தனக்கு வேண்டியதைக் கேட்கும். சார்ஜர் ஒப்புக்கொண்டால்தான் வோல்ட் ஏறும். 100 வாட் சார்ஜரைச் சின்னப் போனில் மாட்டினால் போன் வெடிக்குமா என்ற கேள்விக்கும் பதில் இதுவே. போன் கேட்காததைச் சார்ஜர் திணிக்காது.

சாதாரண சி-டு-சி கேபிள் எதுவும் 3 ஆம்பியர் தாங்க வேண்டும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதைத் தாண்டி 5 ஆம்பியர் வேண்டுமானால், கேபிள் முனைக்குள் ‘இ-மார்க்கர்’ என்ற சிப் இருந்து ‘நான் 5 ஆம்பியர் தாங்குவேன்’ என்று சொல்ல வேண்டும். சிப் இல்லையென்றால் உங்கள் சார்ஜர் 100 வாட்டாகவே இருந்தாலும் 60-இல் நின்றுவிடும். 2021-இல் வந்த பிடி 3.1 இதை 28, 36, 48 வோல்ட் என்று நீட்டி 240 வாட் வரை கொண்டுபோனது. அதனால் இன்று புதிதாகக் கேபிள் வாங்குபவர் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டே: 60 அல்லது 240.

சரி, சார்ஜரும் பிடி, கேபிளும் 5 ஆம்பியர், ஆனாலும் போன் ஊர்கிறதே என்றால்? போன் பேசும் மொழி வேறாக இருக்கலாம். சாம்சங்கின் 25, 45 வாட் வேகங்களுக்கு ‘பிபிஎஸ்’ வேண்டும். வோல்ட்டை 0.02 வோல்ட் படிகளில் ஏற்றி இறக்கும் பிடியின் கிளை அது. பிபிஎஸ் இல்லாத 65 வாட் லேப்டாப் சார்ஜரில் சாம்சங் போன் 15 வாட் அளவுக்கு இறங்கிவிடும். ஒப்போ, ஒன்பிளஸ் வகையறா தங்கள் 65, 80, 100 வாட்டுக்குச் சொந்த முறை வைத்திருக்கிறார்கள். சார்ஜரும் கேபிளும் அவர்களுடையதாக இருந்தால்தான் முழு வேகம், வெளியார் சார்ஜரில் அதைவிடக் குறைவுதான். சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 3.3–11 வோல்ட், 3.3–21 வோல்ட் என்று வீச்சாக எழுதியிருந்தால் பிபிஎஸ் இருக்கிறது. தனித்தனி எண்கள் மட்டும் என்றால் இல்லை.

இரண்டு மூன்று ஓட்டை வைத்த சார்ஜரிலும் ஒரு கூத்து உண்டு. 65 வாட் என்பது தனியாக ஒரு கருவி மாட்டும்போது. இரண்டாவதாக இயர்பட்ஸ் மாட்டினால் 45-ம் 20-மாகப் பிரித்துக்கொள்ளும் மாடல்களே அதிகம். அப்போது எல்லாருடனும் பேச்சுவார்த்தை மறுபடி நடக்கும். லேப்டாப் சார்ஜிங் ஒரு கணம் நின்று மறுபடி வரும். சார்ஜர் கெட்டுப்போகவில்லை.

மெதுவாக ஏறுவதற்கு இன்னொரு காரணம் கம்பியின் கனம். சில கேபிள்களின் மேலே, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ‘28 ஏடபிள்யூஜி/1பி + 24 ஏடபிள்யூஜி/2சி’ என்பது போல அச்சிட்டிருப்பார்கள். முதல் பகுதி டேட்டா ஜோடி, இரண்டாவது பவர் கம்பிகள். ஏடபிள்யூஜி எண் குறையக் குறையக் கம்பி தடிமன். பவர் கம்பியும் 28 என்றால் ஒரு மீட்டருக்கு 0.21 ஓம், போக வர 0.43 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் கம்பியிலேயே கரையும். சார்ஜரில் கிளம்பிய 5 வோல்ட் போனுக்கு 4.15-ஆகப் போய்ச் சேரும். போன் அதைப் பார்த்துப் பயந்து இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். 24 என்றால் இழப்பு 0.34 வோல்ட்தான். பிடி வோல்ட்டை ஏற்றும் ரகசியமும் இதில் இருக்கிறது: அதே வாட்டுக்கு ஆம்பியர் குறைகிறது, கம்பியில் கரைவதும் குறைகிறது.

‘மட்டக் கேபிளில் மெதுவாக ஏறும், அவ்வளவுதானே’ என்று விட்டுவிடவும் முடியாது. கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-இல் இணையத்தில் விற்கும் டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து விமர்சனம் எழுதத் தொடங்கினார். 2016 பிப்ரவரியில் ஒரு ஏ-டு-சி கேபிளை மாட்டியதும் அவருடைய குரோம்புக் பிக்செல் லேப்டாப் கெட்டது. பிரித்துப் பார்த்தால் பவர் கம்பியும் கிரவுண்டும் இடம் மாறிப் பற்றவைத்திருந்தார்கள். கேபிளுக்குள்ளேயே 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோ ஓம் வேறு. இந்த இரண்டாவது தப்பு இன்னும் நயவஞ்சகமானது: உடனே எதுவும் ஆகாது. கேபிள் போனிடம் ‘3 ஆம்பியர் இருக்கிறது, இழுத்துக்கோ’ என்று பொய் சொல்லும். மறுமுனையில் 1 ஆம்பியர் பழைய சார்ஜரோ கம்ப்யூட்டரின் யுஎஸ்பி போர்ட்டோ இருந்தால் அது சூடாகி மூச்சுத் திணறும். அடுத்த மாதமே அமேசான் விதிமுறைக்கு உட்படாத டைப்-சி கேபிள்களை விற்கத் தடை போட்டது.

இதோடு இன்னொரு அபாயப் பொருளையும் சொல்லிவிட வேண்டும். டைப்-சி கேபிளைப் பழைய செவ்வக ஓட்டையில் செருகச் சின்ன அடாப்டர் கிடைக்கிறதே, ஒருபக்கம் ஏ ஆண் முனை, மறுபக்கம் சி ஓட்டை. விதிமுறைப்படி அப்படி ஒன்று இருக்கவே கூடாது. டைப்-சி எக்ஸ்டென்ஷன் கேபிளும் அப்படியே. கடையில் குவிந்து கிடப்பது வேறு விஷயம்.

பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். 2008-இல் யுஎஸ்பி 3.0 வந்தது, 5 ஜிபிபிஎஸ். 2013-இல் 3.1 வந்தபோது அதே பழையதுக்கு ‘3.1 ஜென் 1’ என்று பேர் மாற்றினார்கள். 3.2 வந்த பிறகு ‘3.2 ஜென் 1’. வேகம் அதே 5 ஜிபிபிஎஸ். பெயருக்கு மட்டும் வருடாந்திரப் பதவி உயர்வு. 20 ஜிபிபிஎஸ்ஸுக்கு ‘3.2 ஜென் 2×2’, கணக்குப் பாடம் மாதிரி. பிறகு வந்தது யுஎஸ்பி4. அதன் அடுத்த பதிப்புக்கு 2022-இல் வைத்த பெயர் ‘யுஎஸ்பி4 வெர்ஷன் 2.0’. நாலா, இரண்டா? கடைசியில் யுஎஸ்பியைப் பார்த்துக்கொள்ளும் யுஎஸ்பி-ஐஎஃப் கூட்டமைப்புக்கே தலைசுற்றி, பெட்டியின் மேல் இதெல்லாம் வேண்டாம், ‘10 ஜிபிபிஎஸ்’, ‘40 ஜிபிபிஎஸ்’, ‘240 வாட்’ என்று எண்ணை மட்டும் போடுங்கள் என்று சொல்லிவிட்டது. அதுதான் உங்களுக்கும் வழி. வெர்ஷனைப் பார்க்காதீர்கள், ஜிபிபிஎஸ்ஸும் வாட்டும் பாருங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தால் அது மட்டம் என்று வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் தப்பாகாது.

இனி உங்கள் ஏழையும் பிரித்துவிடலாம்.

பேட்டரி 20-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கும்போது சோதியுங்கள். 90 சதவீதத்தில் எந்தக் கேபிளிலும் போன் மெதுவாகத்தான் இழுக்கும். திரையை அணைத்துவிட்டு, சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே மாட்டும் சின்ன டைப்-சி பவர் மீட்டரைப் பாருங்கள். 5 வோல்ட் சுற்றியே நின்றால் பேச்சுவார்த்தை நடக்கவில்லை. 9-க்குத் தாவினால் பிடி வேலை செய்கிறது. மீட்டர் இல்லை, மேக் லேப்டாப் இருக்கிறது என்றால் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி ஆப்பிள் மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து, ‘பவர்’ பகுதியின் அடியில் எத்தனை வாட் என்று பாருங்கள். 100 வாட் சார்ஜர் மாட்டியும் 60 என்று காட்டினால் கேபிளில் 5 ஆம்பியர் சிப் இல்லை.

டேட்டாவுக்கு எஸ்எஸ்டியில் 1 ஜிபி ஃபைல் ஒன்றைக் காப்பி செய்யுங்கள். 25 நொடிக்கு மேல் என்றால் யுஎஸ்பி 2.0. சில நொடியில் முடிந்தால் 5 ஜிபிபிஎஸ் அல்லது மேலே. சோதித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி ‘60, 2.0’, ‘100, 10ஜி’ என்று பேனாவால் எழுதுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். தயாரிப்பாளர்கள் செய்திருக்க வேண்டிய வேலை, அவர்களுக்கு அழகு முக்கியம்.

வாங்குவதானால் இரண்டு போதும். சார்ஜுக்கு 240 வாட், 2 மீட்டர், யுஎஸ்பி 2.0: மெலிதாக, வளைய வசதியாக இருக்கும். டேட்டாவுக்கும் மானிட்டருக்கும் 40 ஜிபிபிஎஸ், 0.8 மீட்டர். இது ஏன் இத்தனை குட்டை என்று கோபப்பட வேண்டாம். உள்ளே சிக்னலைப் பெருக்கும் சிப் இல்லாமல் அந்த வேகம் அதற்கு மேல் அதிகத் தூரம் தாங்காது. ‘40 ஜிபிபிஎஸ், 3 மீட்டர்’ என்று அடிமாட்டு விலைக்கு விற்றால் இரண்டில் ஒன்று பொய்.

கடைசியாக, ‘முன்பு நன்றாக ஏறிய கேபிள் இப்போது ஆட்டினால்தான் ஏறுகிறது’ என்றால் கேபிளைத் தூக்கி எறியும் முன் போனின் ஓட்டையைப் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சுத் தூசு உள்ளே போய், ஒவ்வொரு தடவை செருகும்போதும் அடியில் இடிபட்டு அட்டை மாதிரி கெட்டியாகிவிடும். முனை முழுசாக உள்ளே இறங்காது. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியைத் தட்டையாகச் சீவி, நாக்கைத் தொடாமல் சுவரோரமாக விட்டு மெல்ல நெம்புங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம், அந்த நாக்கு உடைந்தால் போர்ட்டையே மாற்ற வேண்டும். பஞ்சு உருண்டையாக வெளியே வந்ததும் கேபிளைச் செருகிப் பாருங்கள். ‘டிக்’ என்று கேட்க வேண்டும்.